கட்டையை மாற்றும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

"சார், ஊஞ்சல்ல உக்காந்தா தலைமேல மாவு கொட்டுது" என்றுதான் அந்த அம்மா போனில் சொன்னார். திருவல்லிக்கேணியில் நூறு வருடம் தாண்டிய வீடு. போய்ப் பார்த்தால் ஊஞ்சல் பலகையில் பவுடர் மாதிரி மரத்தூள், பக்கத்தில் கொஞ்சம் சுண்ணாம்புச் சிதறல். தூளைப் பார்த்து நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. மரத்தைத் துளைத்துத் தூளாக்கும் உளுவண்டு, பட்டைக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், வைரம் பாய்ந்த தேக்கை அவ்வளவாகத் தொடாது. சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் உறுத்தியது. மேலே ஏதோ அசையாமல் அது உதிராது.

பழைய சென்னை வீடுகளில் மாடித்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் உத்திரம், அதற்குக் குறுக்கே ஒரு அடி, ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் ஒரு அங்குலத் தடிமனுள்ள சின்னச் செங்கற்களை நிறுத்திவைத்து, மூலையிலிருந்து சாய்வாக வரிசை பிடித்து, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே சென்ட்ரிங் (தாங்கு பலகை) கிடையாது. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் தட்டுவார்கள். அப்படித் தட்டி இறுகிய தளம் ஒரே பாளம் மாதிரி நிற்கும். அதனால்தான் கட்டை கெட்டால் தளத்தையே உடைக்க வேண்டியதில்லை, கீழிருந்தே மாற்றிவிடலாம்.

அந்த வீட்டை ஏற்கெனவே ஒரு மேஸ்திரி பார்த்து, நடுவில் சுத்தியலால் தட்டி, "எல்லாம் இரும்பு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நடுவில் தட்டினால் கணீர் என்றுதான் கேட்கும். கட்டை கெடுவது சுவருக்குள் போகும் முனையில். அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். மூலையிலிருந்து மூன்றாவது, நான்காவது கட்டைகளில் அது கைப்பிடி வரை போய்விட்டது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரமான பழுப்புத் தூள், காளான் வாடை. ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் நடுக்கட்டையில் 12 சதவீதம் காட்டியது, முனையில் 30-ஐத் தாண்டியது. 20-ஐத் தாண்டிய மரத்தில் பூஞ்சை குடியேறிவிடும். ஈரம் இருந்தால் கரையானும் தேடி வரும்.

அந்த முனைகளுக்கு நேர் மேலே, பின்னாளில் கட்டிய குளியலறை. அதன் கழிவுநீர்க் குழாயைச் சுவருக்குள்ளேயே புதைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, சுண்ணாம்புச் சுவருக்கு வெளியே சிமென்ட் பூசி, வாட்டர்ப்ரூஃப் பெயின்டும் அடித்தாயிற்று. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை, மரத்தின் முனைதான் அதைக் குடிக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் மயிலாப்பூரில் ஒரு வீட்டில் நான்கு கட்டைகளை மாற்றிக்கொடுத்துப் பெருமையாகப் பில் போட்டேன். மூன்றாம் வருடம் அதே மூலை, அதே நாற்றம். சுவருக்குள் விரிசல் விட்ட குழாயை நான் பார்க்கவே இல்லை. இரண்டாவது முறை செய்ததற்குக் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒழுகினால் நம் ஆட்கள் செய்யும் இன்னொரு வேலை, தளத்தின் மேல் சிமென்ட் கான்கிரீட் போடுவது. ஒரு சதுர அடியில் ஒரு அங்குலம் போட்டால் சுமார் 5.7 கிலோ. 10-க்கு 15 அடி அறையில் இரண்டு அங்குலம் போட்டால் 1,700 கிலோ, அதாவது இரண்டு மாருதி 800 காரைவிட அதிகம். இரண்டு தலைமுறை இப்படி மேலே மேலே போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கட்டை வளைந்தால் பழி மரத்தின் மேல்.

மாற்றும் வேலைக்கு வருவோம். முதலில் இருபுறமும் பலகை கொடுத்து ஜாக்கி முட்டு. ஒரு நேரத்தில் ஒரு கட்டை மட்டும். பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கெட்டிருந்தாலும் முதலாவதை முடித்த பிறகுதான் அடுத்தது. புதுக் கட்டை சுவருக்குச் சுவர் இடைவெளியைவிட நீளம் என்பதால், ஒரு சுவரில் பொந்தை ஆழமாக எடுத்து, உள்ளே தள்ளி, எதிர்ச் சுவருக்கு இழுத்து உட்கார வைப்போம். முனைக்கு அடியில் கருங்கல் துண்டு. மேலே செங்கலுக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள சந்தில் தேக்கு ஆப்பும் சுண்ணாம்புச் சாந்தும். முனையைச் சுற்றிக் கால் அங்குலம் காற்றுக்கு விடவேண்டும். சிமென்ட் வைத்து இறுக்கினால் மறுபடியும் அதே கதைதான். முனை மட்டும் கெட்டு மீதி நன்றாக இருந்தால் முழுக் கட்டையையும் எடுக்கவே மாட்டேன். கெட்டதை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இரும்பு சானல் வைத்து போல்ட் போட்டால் போதும்.

அளவில் மட்டும் ஏமாறாதீர்கள். பழையது 3-க்கு 5 அங்குலம் என்றால், "3-க்கு 4 போதும் சார், மரம் மிச்சம்" என்பார்கள். உயரத்தில் ஒரு அங்குலம் குறைந்தால் பலம் 64 சதவீதமாகிவிடும், வளையாமல் நிற்கும் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். 3-க்கு 5 கட்டையைப் படுக்கப்போட்டால் இன்னும் மோசம். மரத்துக்கு, இடித்த வீட்டுப் பழைய தேக்கு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அது காய்ந்து முடிந்த மரம், இனி முறுக்காது. சின்ன வயதில் வெட்டிய புதுத் தேக்கில் பாதி வெள்ளையாக இருக்கும், உளுவுக்கு விருந்து.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். நனைந்த சுண்ணாம்புத் தளத்தின் எடையே வேறு. புதுச்சேரிக் கடற்கரையில் 1870-களிலிருந்து நின்ற மேரி (Mairie) என்ற பிரெஞ்சுக்கால நகரமன்றக் கட்டடம் 2014 நவம்பர் 29-ல் கனமழையில்தான் இடிந்து விழுந்தது.

திருவல்லிக்கேணி வீட்டில் முதலில் குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தோம். சிமென்ட் பூச்சை உரித்து இரண்டு மாதம் காய விட்டோம். அதற்குள் மூன்று முறை போன் வந்தது, "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று. அப்புறம்தான் இரண்டு கட்டைகள். யாரோ கட்டையில் மாட்டிவைத்திருந்த ஊஞ்சல் கொக்கியை உத்திரத்துக்கு மாற்றினோம். முனைகளைச் சுற்றி விட்டிருந்த சந்தைப் பெயின்டர் பட்டி வைத்து மூடப் பார்த்தாராம். அந்த அம்மா கையில் விசிறியோடு கீழேயே நின்று தடுத்திருக்கிறார். மழை முடிந்து தை மாதம் போய் மீட்டரை வைத்தேன். 14 காட்டியது.