50 மெகாபிக்சலும் 50 மெகாபிக்சலும் ஒன்றல்ல

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். இரண்டும் கார்த்திகை தீபத்தன்று ஒரே திண்ணையில், ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்தவை. ஒன்று அவருடைய போனில், மற்றொன்று அவருடைய நாத்தனாரின் போனில். "இரண்டு பெட்டியிலும் 50 மெகாபிக்சல் என்றுதான் போட்டிருக்கிறது. என் போன் 13 ஆயிரம், அவருடையது 29 ஆயிரம். நான் புதுப் போன் வாங்க வேண்டும். கேமராவுக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கலாமா, அல்லது அது வெறும் பெயருக்குக் கொடுக்கும் விலையா?" என்று கேட்டிருந்தார்.

போன் திரையில் இரண்டு படங்களும் அழகாகவே இருந்தன. கணினியில் பெரிதாக்கியதும் வேறுபாடு தெரிந்துவிட்டது. முதல் படத்தில் அகல்களுக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவர் முழுவதும் நீலமும் சிவப்புமாகப் பொடிப்பொடியான புள்ளிகள். இழைக்கோலத்தின் கோடுகள் ஈரத்தில் கரைந்ததுபோல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இரண்டாவது படத்தில் சுவர் சுவராக இருந்தது. கோலத்தில் மாவு விட்டுப்போன இடங்கள்கூடத் தெரிந்தன.

போனின் மற்ற நிறைகுறைகளை முதலில் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி 5000 மில்லிஆம்பியர் மணி என்றால் சுமார் 19 வாட் மணி ஆற்றல். இந்த எண்ணை நம்பி ஒப்பிடலாம். "8 + 8 = 16 ஜிபி ராம்" என்று எழுதியிருந்தால் உண்மையான ராம் 8 ஜிபிதான்; மீதியைச் சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்குகிறார்கள், அதன் வேகம் மிகவும் குறைவு. எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று அவசியம் கேளுங்கள். அது நின்றுவிட்ட போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது நல்லதல்ல. இவை எல்லாம் கேட்டால் விடை கிடைக்கும் கேள்விகள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டும் அநேகமாக எதையும் சொல்லாத ஓர் எண் மெகாபிக்சல்தான்.

மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் பிக்சல். 50 மெகாபிக்சல் என்றால் சென்சாரில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் பதியும் சில்லில், ஐந்து கோடிக் கட்டங்கள். கட்டங்கள் எத்தனை என்று அந்த எண் சொல்கிறது. ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு பெரியது என்று சொல்லவில்லை. குறைந்த விலைப் போன்களில் பரவலாக இருக்கும் ஒரு வகை 50 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் பக்கம் 0.64 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்). முழுச் சென்சாரும் சுமார் 5.2க்கு 3.9 மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பு அளவு. அதைவிட விலை கூடிய போன்களில் 1 மைக்ரோமீட்டர் பிக்சல் கொண்ட 50 மெகாபிக்சல் சென்சார் இருக்கிறது. அது சுமார் 8.2க்கு 6.1 மில்லிமீட்டர், ஒரு கொண்டைக்கடலை அளவு. பரப்பளவில் ஒன்று மற்றொன்றைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. பெட்டியிலோ இரண்டுக்கும் ஒரே எண்.

பரப்பளவு ஏன் முக்கியம்? எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

ஒளி தொடர்ச்சியாக ஓடும் நீரோட்டம் அல்ல, துளித்துளியாக வருகிறது. ஐன்ஸ்டைன் 1905இல் முன்வைத்த கருத்து இது. அந்தத் துளிக்கு ஃபோட்டான் என்று பெயர். சென்சார் சிலிக்கானால் ஆனது. அதில் ஓர் எலக்ட்ரானை அதன் பிணைப்பிலிருந்து விடுவிக்க சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் 2.3 இருக்கிறது. ஆகவே ஒரு ஃபோட்டான் உள்ளே வந்தால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். அந்த எலக்ட்ரான்களைப் பிக்சல் தன் பள்ளத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஷட்டர் நேரம், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம், முடிந்ததும் எண்ணிச் சொல்லும். நாம் எடுக்கும் ஒவ்வொரு படமும் அடிப்படையில் ஒரு கணக்கெடுப்பு.

இப்போது தூறல் விழும் முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு தம்ளர்களை வரிசையாக வைக்கிறோம். வானம் எல்லாத் தம்ளருக்கும் ஒரே மாதிரிதான் தூறுகிறது. ஆனாலும் சில விநாடிகள் கழித்துத் துளிகளை எண்ணினால் ஒன்றில் நான்கு, அடுத்ததில் ஏழு, அதற்கடுத்ததில் இரண்டு. எந்தத் துளி எங்கே விழும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது. தம்ளர்களை எடுத்துவிட்டு வாயகன்ற அண்டாக்களை வைத்தால்? ஒன்றில் 405, அடுத்ததில் 390, அதற்கடுத்ததில் 412. இங்கும் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் மொத்தத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது.

இதற்கு எளிய விதி உண்டு. சராசரியாக எத்தனை துளி விழுகிறதோ, அதன் வர்க்கமூலம்தான் ஏற்ற இறக்கத்தின் அளவு. பட்டப்பகலில் ஒரு சிறிய பிக்சலில் 2,500 ஃபோட்டான் விழுந்தால் பிழை 50, அதாவது 2 விழுக்காடு, கண்ணுக்குத் தெரியாது. விளக்கொளியில் 100 மட்டும் விழுந்தால் பிழை 10, அதாவது 10 விழுக்காடு. ஒரே வெண்மையுள்ள சுவரின் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இப்போது வெவ்வேறு வெளிச்சமாகப் பதியும். வாசகியின் சுவரில் நான் பார்த்த பொடிப்புள்ளிகள் தூசி அல்ல, பழுதும் அல்ல. ஒளி துளிகளால் ஆனது என்பதற்கான சான்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆய்வகங்களில் பெரும்பாடுபட்டு நிறுவிய உண்மை கும்பகோணத்துத் திண்ணைச் சுவரில் பதிந்து கிடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அதே விளக்கொளியில், லென்ஸின் எஃப் எண்ணும் (துவாரம் எவ்வளவு அகலம் என்பதைக் காட்டும் எண்) ஷட்டர் நேரமும் ஒன்றாக இருந்தால், பெரிய பிக்சலில் சுமார் 244 ஃபோட்டான் விழும். பிழை ஏறக்குறைய 16, அதாவது ஆறரை விழுக்காடு. சிறிய பிக்சலின் படத்தில் அந்தப் புள்ளிகளை மறைக்கப் போனின் மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்து மெழுகிவிடுகிறது. கோலத்தின் கோடுகள் கரைந்தது அதனால்தான். மென்பொருளுக்குப் புள்ளிக்கும் மாவு இழைக்கும் வேறுபாடு தெரியவில்லை.

புள்ளிகளில் ஏன் நீலம் அதிகம்? பிக்சலுக்கு நிறம் தெரியாது. எண்ண மட்டுமே தெரியும். எனவே ஒவ்வொன்றின் மேலும் ஒரு வண்ண வடிகட்டி வைக்கிறார்கள். நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970களில் உருவாக்கிய அமைப்பு இது; நம் கண் பச்சையில் கூர்மையானது என்பதால் அதற்கு இரண்டு இடம். எண்ணெய் விளக்கின் ஒளியிலோ நீலம் மிகவும் குறைவு. நீலப் பிக்சல்கள் பட்டினி கிடக்கின்றன. வெள்ளைச் சுவரை வெள்ளையாகக் காட்ட விரும்பும் மென்பொருள் அந்தக் கொஞ்ச எண்ணிக்கையைப் பல மடங்கு பெருக்குகிறது. எண்ணிக்கையோடு பிழையும் பெருகுகிறது.

"அப்படியென்றால் 200 மெகாபிக்சல்?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தச் சென்சார்களில் பிக்சலின் பக்கம் 0.6 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பச்சை ஒளியின் அலைநீளமே 0.55 மைக்ரோமீட்டர். எஃப் 1.8 லென்ஸ் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தாலும், ஒரு புள்ளி ஒளியைச் சுமார் 2.4 மைக்ரோமீட்டர் அகல வட்டமாகத்தான் விழச் செய்யும். இது அலையின் இயல்பு. அந்த ஒரு வட்டத்துக்குள் குறுக்கே நான்கு பிக்சல்கள் அடங்கிவிடுகின்றன. ஆகவே வழக்கமான படங்களில் 16 பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக எண்ணி, 12.5 மெகாபிக்சல் படமாகவே போன் சேமிக்கிறது. 50 மெகாபிக்சல் போனும் நான்கு நான்காகச் சேர்த்து அதே 12.5ஐத்தான் தருகிறது. அந்த 200 மெகாபிக்சல் சென்சார்களில் சில பரப்பளவிலும் பெரியவை. அவை நல்ல படம் தருவது அந்தப் பரப்பால்தான். நல்ல வெயிலில் தொலைவில் உள்ளதை வெட்டிப் பெரிதாக்க கூடுதல் பிக்சல்கள் உதவும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மழைநீரைக் கூடுதலாகப் பிடிக்க அண்டாவைப் பெரிதாக்குவது ஒரு வழி. இன்னும் சிறிது நேரம் மழையில் வைத்திருப்பது மற்றொன்று. கை நடுங்கினாலும் லென்ஸை அசைத்து ஈடுகட்டும் ஓஐஎஸ் வசதி அதைத்தான் சாத்தியமாக்குகிறது. இரவு வசதியில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்துச் சராசரி காண்கிறது. ஒன்பது படம் சேர்த்தால் பிழை மூன்றில் ஒன்றாகும். வானியலாளர்கள் மங்கலான விண்மீன் மண்டலங்களைப் படமெடுக்கும் முறையும் இதுதான். ஆனால் காற்றில் ஆடும் சுடரும் மத்தாப்பு சுற்றும் குழந்தையும் ஒன்பது படத்துக்கு நிற்பதில்லை. அங்கே பெரிய சென்சார்தான் கைகொடுக்கும்.

இந்தச் சென்சாரின் பிறப்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற, மின்னூட்டத்தைக் கட்டம் கட்டமாகக் கைமாற்றும் சில்லை முதலில் வடிவமைத்தபோது யோசித்தது கணினி நினைவகத்தைப் பற்றி. அது ஒளியைப் பதிவுசெய்யும் கருவியானது; 2009இல் நோபல் பரிசும் வந்தது. இன்று போன்களில் இருக்கும் சிமாஸ் என்ற வகைச் சென்சாருக்கு 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசமின் குழு வழிகோலியது. விண்கலத்தில் எடையும் மின்செலவும் குறைந்த கேமரா வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். கல்யாண வீட்டுப் படத்துக்காக யாரும் இந்த ஆராய்ச்சிகளுக்குப் பணம் ஒதுக்கவில்லை. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.7 விழுக்காட்டுக்கும் குறைவு. "உடனே என்ன பயன்?" என்று ஒவ்வொரு திட்டத்தையும் கேட்டு முடக்கும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகி கடிதத்தின் கடைசியில், கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் ஒன்றை 300 ரூபாய்க்குக் கடையில் வற்புறுத்துகிறார்கள், வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார். வேண்டாம். விடை மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. ஃபோட்டானிடம் போதிய ஆற்றல் இருந்தால்தான் எலக்ட்ரான் அதன் பிணைப்பிலிருந்து விடுபடும். போன் அனுப்பும் ரேடியோ அலையின் ஃபோட்டான், பச்சை ஒளியின் ஃபோட்டானைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுக் குறைந்தது. அதனால் மூலக்கூறுகளை உடைக்க முடியாது. அதன் விளைவு மிகச் சிறிய வெப்பம். அதற்கும் இந்தியாவில் உடல் திசுவில் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு இருக்கிறது. ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையைத் தடுத்தால், செல்பேசிக் கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும். அச்சத்தைக் காட்டி 300 ரூபாய் பறிப்பதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சரி, கடையில் என்ன பார்ப்பது? போனின் முழு விவரப் பக்கத்தில் சென்சார் அளவு 1/2.76 அங்குலம், 1/1.56 அங்குலம் என்பதுபோலப் போட்டிருப்பார்கள். கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால் சென்சார் பெரிது. அது உண்மையான அங்குலமல்ல. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களின் கண்ணாடிக் குழாய் விட்டத்திலிருந்து வந்த கணக்கு. ஒப்பிடுவதற்கு மட்டும் போதும். மிக அருகில் எடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ, தொலைவைக் கணிக்கும் டெப்த் லென்ஸ்களைக் கேமரா எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

பிறகு ஒப்பிட நினைக்கும் இரண்டு போன்களையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கடையின் வெள்ளை விளக்குகளின் கீழ் எல்லாக் கேமராவும் நன்றாகவே எடுக்கும். மேசைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியையோ, படிக்கட்டின் கீழ் உள்ள மூலையையோ இரண்டிலும் படமெடுங்கள். கூட வந்தவரின் தலைமுடியில் நிழல் விழும் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்தப் படத்தில் முடி இழை இழையாகத் தெரிகிறதோ அந்தப் போனுக்குப் பில் போடச் சொல்லலாம்.