பயறளவு அடைப்பு

மார்கழி மாதம், விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் சித்தப்பா வீட்டுத் திண்ணை. கிழிந்த வலையை மடியில் பரப்பி வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து வலை ஊசி நழுவி விழுந்தது. எடுத்தார், மறுபடியும் நழுவியது. மூன்றாவது முறை எடுத்தபோது, “கையில மெழுகு தடவுன மாதிரி இருக்குப்பா, நிக்க மாட்டேங்குது” என்றார். சொன்ன வார்த்தைகளே கொஞ்சம் குழறித்தான் வந்தன. “ராத்திரி பூராம் வாடைக்காத்துல படுத்துக் கெடந்தீங்க, மரத்துப் போயிருக்கும்” என்றார் சித்தி. தைலம் தேய்த்தோம். அந்தத் தைலக் குப்பியை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

அவர் கீழே விழவில்லை. ஆளை அடையாளம் தெரியாமல் போகவில்லை. நேற்று யாருக்கு எவ்வளவு நண்டு போட்டோம் என்ற கணக்குக்கூடச் சரியாகச் சொன்னார். பக்கவாதம் என்றால் பேச்சு அடியோடு நின்றுவிடும், நினைவு தப்பும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மாலையில் போன தனியார் கிளினிக்கில் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, நரம்புத் தளர்ச்சி” என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மதுரையில் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் பக்கவாதம் என்று தெரிந்தது. மூளையின் அடியாழத்தில் இடது பக்கம் வெள்ளையாக ஒரு புள்ளி, பச்சைப்பயறு அளவுக்கு.

பயறளவு புள்ளி எப்படி ஒரு கையையும் நாக்கையும் தடுமாற வைக்கிறது என்று அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் ஊர்க் குடிநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாய் தெருத் தெருவாகப் பிரிந்து போகிறது. கிளைக்குக் கிளை வேகம் குறைந்து, கடைக்கோடி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சொட்டுகிறது. தொட்டிக்கு அடியிலேயே, பெரிய குழாயில் நேராகத் துளை போட்டு இணைப்பு எடுத்த வீட்டில் மட்டும் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். மூளைக்குப் போகும் இரத்தமும் இந்த இரண்டு விதமாகவும் போகிறது. மூளையின் மேற்பரப்புக்குப் போகும் தமனிகள் நீண்டு, வளைந்து, பல கிளைகளாகப் பிரிந்து போவதால் இரத்தத்தின் அழுத்தம் வழியிலேயே தணிந்துவிடும். ஆனால் அடியாழத்துக்குப் போகும் நுண்தமனிகள் பெரிய தமனியிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி நேரே உள்ளே நுழைகின்றன. தையல் நூல் தடிமன்தான் இருக்கும், பல தமனிகள் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பெரிய தமனியில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே அந்த நூல்மீது இறங்குகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மேற்பரப்பில் ஒரு தமனி அடைத்தால் பக்கத்துக் கிளைகளிலிருந்து கொஞ்சமாவது இரத்தம் சுற்றி வந்து சேரும். அடியாழத்தில் அதற்கு வழியில்லை. ஒரு வீட்டுக்கு ஒரே இணைப்பு. அது அடைத்தால் அந்தச் சின்னப் பகுதிக்கு ஒரு சொட்டும் வராது. மூளையின் எடை உடலின் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. அப்படிப்பட்ட திசு பட்டினி தாங்காது.

அடைப்பு எப்படி வருகிறது என்பதை, உப்புத்தண்ணீர் ஓடிய போர்வெல் குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதைக் காட்டி விளக்குவார்கள். பெரிய தமனிகளுக்கு அந்த உவமை ஓரளவு சரி, அங்கே கொழுப்பு படிகிறது. நுண்தமனி பெரிய தமனியிலிருந்து கிளம்பும் வாயிலும் அப்படிப் படிந்து அடைப்பதுண்டு. ஆனால் இங்கே நடப்பது பெரும்பாலும் வேறு. பல ஆண்டுகள் மிகை அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி நூலின் சுவரே தடித்துப்போகிறது. சுவரிலுள்ள தசை இழைகள் சிதைந்து, அந்த இடத்தில் கண்ணாடிபோன்ற ஒரு பொருள் நிரம்புகிறது. சுவர் தடிக்கத் தடிக்க நடுவிலுள்ள துவாரம் சுருங்கி, கடைசியில் ஒருநாள் மூடிக்கொள்கிறது. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இதை விரைவுபடுத்துகின்றன. சிதைந்த சுவர் அடைத்துக்கொள்ளாமல் சில நேரம் உடைந்தும் போகும், அப்போது மூளைக்குள் இரத்தக் கசிவு. அதே நூல், அதே நோய், முடிவு மட்டும் இரண்டு விதம். சிகிச்சை இரண்டுக்கும் நேர் எதிர் என்பதால்தான் ஸ்கேன் பார்க்காமல் யாரும் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

இரத்தம் கிடைக்காமல் செத்த திசுவை உடலின் துப்புரவுச் செல்கள் சில வாரங்களில் அகற்றிவிடும். மிஞ்சும் குழியில் மூளையைச் சுற்றியுள்ள நீர் நிரம்பிக்கொள்ளும். கோடையில் வற்றி ஒடுங்கிய குட்டையைப்போல் 3 முதல் 15 மில்லிமீட்டர் வரை அகலம். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர்கள் பிணங்களை அறுத்துப் பார்த்து, குழி என்ற பொருளில் இதற்கு ‘லாகூன்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றும் மருத்துவ அறிக்கையில் ‘லாகூனர் இன்ஃபார்க்ட்’ என்று பார்க்கலாம். கனடா நாட்டு நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1960களில் பொறுமையாக ஒரு வேலை செய்தார். இறந்தவர்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, எந்தக் குழிக்கு எந்தத் தமனி, உயிரோடிருந்தபோது அந்த ஆளுக்கு என்ன குறை இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். கையும் காலும் முகமும் ஒருபக்கம் செயலிழப்பது, ஒருபக்கம் உணர்ச்சி மட்டும் மரத்துப்போவது, நாக்குக் குழறிக் கை தடுமாறுவது என்று அவர் பிரித்துக் காட்டிய வகைகளைத்தான் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சித்தப்பாவுக்கு வந்தது கடைசி வகை. அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்தக் குழிகளால் வருவதுதான்.

சரி, ஒரு பயறு ஏன் அவ்வளவு சேதம் செய்கிறது? இதைப் பாம்பனைத் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் வண்டிகளை நிறுத்தினார்கள். ராமேஸ்வரம் நிலையம் நன்றாக இருந்தது, தீவுக்குள் தண்டவாளமும் நன்றாக இருந்தது. பழுது இரண்டு கிலோமீட்டர் பாலத்தில் மட்டும். ஆனாலும் 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்வரை ஒரு பயணிகள் ரயில்கூடத் தீவுக்குள் வரவில்லை. மூளையின் மேற்பரப்பில் கைக்கும் காலுக்கும் முகத்துக்கும் கட்டளை பிறக்கும் இடம் அகலமாகப் பரந்து கிடக்கிறது. அங்கே பயறளவு சேதம் வந்தால் ஒரு விரலோடு போகலாம். ஆனால் அந்தக் கட்டளைகளைச் சுமக்கும் நரம்பிழைகள் எல்லாம் கீழே இறங்கும்போது ‘இன்டர்னல் கேப்ஸ்யூல்’ என்ற குறுகிய பட்டைக்குள் நெருங்கிச் சேர்ந்துகொள்கின்றன. அது பாம்பன் பாலம். அங்கே பயறளவு குழி விழுந்தால் ஒரு பக்கம் முழுக்கக்கூடத் தொடர்பு அறுந்துபோகலாம். அதே சமயம் பேச்சை உருவாக்குகிற, கணக்குப் போடுகிற, ஆளை அடையாளம் காண்கிற பகுதிகள் மேலே பத்திரமாக இருக்கின்றன. சித்தப்பாவுக்கு நண்டுக் கணக்கு தப்பவில்லை, சொல்ல வேண்டிய வார்த்தையும் தெரிந்திருந்தது. அதை உச்சரிக்கும் நாக்குக்குத்தான் கட்டளை சரியாகப் போய்ச் சேரவில்லை. இந்தத் தெளிவுதான் வீட்டாரை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். ஆள் தெளிவாக இருக்கிறார், அப்புறம் என்ன என்று விட்டுவிடுகிறோம்.

சிடி ஸ்கேன் ஏன் காட்டவில்லை என்று கேட்பீர்கள். முதல் நாளில் சிடி எடுப்பது முக்கியமாக இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். புதிதாக வந்த சின்ன அடைப்பு அதில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்றொரு படம் உண்டு, அதில் சில மணி நேரத்துக்குள் வெள்ளையாகத் தெரிந்துவிடும். ஆகவே கை தடுமாறும் ஒருவருக்குச் சிடி நார்மல் என்று வந்தால், வாதம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

அடைப்பு வந்த நாலரை மணி நேரத்துக்குள் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். பெரிய தமனி அடைப்பில் செய்வதுபோல் குழாயை உள்ளே விட்டுக் கட்டியை இழுத்தெடுக்க இங்கே முடியாது, நூல் அவ்வளவு மெல்லியது. அதனால் நேரம்தான் எல்லாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இரவெல்லாம் கடலில் இருக்கிற ஆளுக்குக் கரை சேர்வதே பாதி நேரத்தைத் தின்றுவிடும். தூங்கி எழும்போது கை வரவில்லை என்றால், எழுந்த நேரத்தைச் சொல்லக் கூடாது, கடைசியாக நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். படகில் கூட இருப்பவர்கள் அந்த நேரத்தை மனதில் வைத்துக்கொள்வது பெரிய உதவி. 108க்கு உடனே கூப்பிடுங்கள். வாயில் காப்பியோ கஞ்சியோ ஊற்றாதீர்கள், நாக்குக் குழறுபவருக்கு விழுங்குவதும் தடுமாறும், நுரையீரலுக்குள் போய்விடும். அப்போது பிரஷர் அதிகமாகக் காட்டினாலும் வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்துச் சடாரென்று இறக்காதீர்கள். பட்டினியில் இருக்கும் திசுவுக்கு அந்த அழுத்தம் கொஞ்ச நேரம் தேவைப்படலாம்.

கை பத்து நிமிஷம் வராமல் போய், சரியாகி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அதே கை வராமல் போவதும் உண்டு. நுண்தமனி மூடலாமா வேண்டாமா என்று ஊசலாடும் நேரம் அது. சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

எம்ஆர்ஐயில் சித்தப்பாவுக்குப் புதுப் புள்ளியோடு பழைய குழிகள் இரண்டும் இருந்தன. எப்போது வந்தன என்று அவருக்கே தெரியாது. அறிகுறியே காட்டாத குழிகள்தான் உண்மையில் அதிகம். ஒவ்வொன்றாகச் சேரச் சேர நடை தேய்ந்து சிற்றடியாகும், யோசனை மெதுவாகும், சிறுநீர் அடக்க முடியாது. ‘வயசாயிருச்சு’ என்று நாம் சொல்லும் பலருக்கு உள்ளே இந்தக் குழிகள் இருக்கலாம்.

லாகூனர் பக்கவாதம் வந்த 3,020 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2012லும் 2013லும் வந்தன. இரண்டு இரத்த மெலிவு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்துக் கொடுத்ததில் அடைப்பு குறையவில்லை, கசிவுதான் கூடியது. மேல் அழுத்தத்தை 130க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு மூளைக்குள் கசிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பிரஷர் மாத்திரையின் மதிப்பு அவ்வளவு. நம் பக்கத்தில் கருவாடும் ஊறுகாயும் கஞ்சியும் தினப்படி. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை ஒரு துண்டுக் கருவாடே பாதி தின்றுவிடும். கருவாட்டை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. நன்றாக ஊறவைத்துத் தண்ணீரை மாற்றுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள்.

சித்தப்பாவுக்குப் பிரஷர் இருப்பது ஐந்து வருஷமாகத் தெரியும். மாத்திரை போட்டார், நார்மல் என்றார்கள், நார்மல்தானே என்று நிறுத்தினார். மாத்திரையால்தான் நார்மல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இப்போது மாத்திரை கொண்டுவரும் அக்கா வந்து கையில் பட்டையைச் சுற்றி அளக்கும்போது சித்தப்பா எண்ணைக் கேட்டுச் சுவரில் காலண்டர் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறார்.

ஆறு மாதம் பிசியோதெரபி எடுத்தார். விரல் பயிற்சிக்கு ரப்பர் பந்து கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அதை மூலையில் போட்டுவிட்டு வலை ஊசியைக் கையில் எடுத்தார். ஊசி நழுவியது. கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு செய்தார். இப்போது பெரிய கண்ணி வலையெல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். சின்னக் கண்ணி வலையை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தியிடம் தள்ளிவிடுகிறார்.