வங்குரோத்துக்குப் போகவும் 680 பவுண்ஸ்: அந்தக் காசை எங்கே தேடுவது?

"தங்கச்சி, கடன் கட்டக் காசில்லை எண்டுதானே வங்குரோத்துக்குப் போறன். அதுக்கே 680 பவுண்ஸ் கேட்டால் நான் எங்க போறது?"

லண்டனில் கடன் ஆலோசகராக வேலை செய்யும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இதைக் கேட்டவர் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்கிற ஒரு அண்ணை. (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்று கடனட்டைகள், ஒரு வங்கிக் கடன், பழைய மின்சாரப் பாக்கி. எட்டு மாதமாகத் தபாலைப் பிரிக்காமலே ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அந்தப் பையைத்தான் மேசையில் கொட்டினார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவர் தானாக வங்குரோத்துக்கு விண்ணப்பிக்க 680 பவுண்ஸ் கட்டவேண்டும். இதில் 130 விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரிக்கு. மீதி 550, பிறகு உங்கள் சொத்தையும் கடனையும் கையாளும் அரச அலுவலரின் செலவுக்கான வைப்பு. வருமானம் குறைவு என்று சொல்லி இதில் கழிவு வாங்க முடியாது. கணவனும் மனைவியும் சேர்ந்தே கடன் பட்டிருந்தாலும் ஆளுக்கு 680.

ஆனால் காசு தேடக் கிளம்ப முதல் ஒன்றைப் பாருங்கள். உங்களுக்கு வங்குரோத்துத்தான் வேண்டுமா? டெட் ரிலீஃப் ஓர்டர் (கடன் நிவாரண உத்தரவு), சுருக்கமாக டிஆர்ஓ, என்று இன்னொரு வழி இருக்கிறது. அதற்கு முன்பு 90 பவுண்ஸ் கட்டணம் இருந்தது; 2024 ஏப்ரல் 6 முதல் ஒரு சதமும் இல்லை. அதே ஆண்டு ஜூன் 28 முதல் கடன் வரம்பும் 50,000 பவுண்ஸாக உயர்ந்தது. சொந்த வீடு இருக்கக்கூடாது. சொத்து 2,000 பவுண்ஸுக்கு மேற்படக்கூடாது. கார் இருந்தால் அது தனிக்கணக்கு, 4,000 வரை. அத்தியாவசியச் செலவு போக மாதம் மிஞ்சுவது 75 பவுண்ஸுக்குள் இருக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் மூலமாகத்தான் விண்ணப்பிக்கலாம். இந்த மாற்றம் தெரியாமல், தேவையே இல்லாத 680க்காகச் சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது பொறுப்பதில்லை.

எங்கள் ஆட்களுக்கு டிஆர்ஓ தவறிப்போகிற ஒரு முக்கிய காரணம் கழுத்தில் தொங்குகிறது. தாலிக்கொடியின் இன்றைய தங்க விலையைக் கணக்குப் போட்டால் 2,000 எங்கேயோ நின்றுவிடும். தாலிக்கென்று சட்டம் தனி விலக்கு எதையும் எழுதி வைக்கவில்லை. மனைவியின் நகை மனைவியின் சொத்து. கடன் கணவன் பெயரில் மட்டும் இருந்தால் அது அவருடைய கணக்கில் வராது. கடன் மனைவி பெயரில் இருந்தால் வரும். அப்போது "கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டில வைப்பம்" என்ற யோசனை வரும். தயவுசெய்து வேண்டாம். வங்குரோத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் விலை வாங்காமல் கைமாறிய சொத்துகளைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. மறைத்தது தெரியவந்தால் அது குற்றமாகவும் பார்க்கப்படலாம். உள்ளதை உள்ளபடி எங்களிடம் சொல்லுங்கள், வழி பார்க்கலாம்.

அண்ணையின் கடன் 50,000ஐத் தாண்டியிருந்தது. ஆகவே வங்குரோத்துத்தான். அவருடைய வங்கிக் கணக்கைப் பார்த்தேன். நான்கு கடன்காரருக்கும் குறைந்தபட்சத் தொகை என்று மாதம் 240 பவுண்ஸ் போய்க்கொண்டிருந்தது. எப்படியும் வங்குரோத்துக்குள் அடங்கப்போகிற கடன்கள் அவை. அந்தக் காசை நிறுத்தினால் மூன்று மாதத்தில் 720. கட்டணம் அங்கேயே இருந்தது! வாடகை, இந்த ஆண்டுக்கான கவுன்சில் வரி, மின்சாரம், சாப்பாடு ஆகியவற்றை மட்டும் ஒருபோதும் நிறுத்தக்கூடாது.

நிறுத்தினால் தொலைபேசி ஓயாதே என்று பயந்தார். அதற்காகத்தான் 2021 மே மாதம் முதல் 'பிரீதிங் ஸ்பேஸ்' திட்டம் இருக்கிறது. ஆலோசகர் பதிவு செய்தால் 60 நாளைக்குப் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது, கடன்காரர் நெருக்கவும் முடியாது.

கட்டணத்தை ஒரே தடவையில் கட்டவேண்டியதில்லை. இணையத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கி, கையில் உள்ளதைத் தவணையாகக் கட்டிவரலாம். முழுத்தொகையும் சேர்ந்த பிறகுதான் அனுப்ப முடியும். அனுப்புவதற்கு முன் மனம் மாறினால் கட்டிய காசைத் திரும்பக் கேட்கலாம். சில தொழில்சார் நல நிதியங்களும் அறக்கட்டளைகளும் இதற்கு உதவுகின்றன. இப்படியான உதவிகளைத் தேடித் தரும் டர்ன்டூஅஸ் என்ற இணையத்தளத்தில் தேடலாம்.

கடனட்டையில் எடுத்துக் கட்டாதீர்கள். திருப்பிக் கட்டமாட்டோம் என்று தெரிந்தே வாங்கும் கடன், வங்குரோத்துக் கட்டுப்பாடுகளைப் பல ஆண்டுகளுக்கு நீட்டிவிடக்கூடும். தம்பி தருகிறார் என்றால் அன்பளிப்பாகத் தரட்டும். கடனாகத் தந்தால் அதுவும் வங்குரோத்துக்குள் போய்விடும், அவருக்குத் திரும்ப வராது. விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம் என்று காசு கேட்கும் இடங்களுக்கும் போகவேண்டாம். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றிலும் ஆலோசனை இலவசம்.

அடுத்தது சீட்டு. அண்ணை சீட்டை எடுத்துவிட்டு இன்னும் ஏழு மாதம் கட்ட இருந்தது. "அதை மட்டும் கட்டி முடிக்கிறன், மானப் பிரச்சினை" என்றார். அந்த மானம் எனக்கும் விளங்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் சீட்டும் கடன்தான். வங்கியை விட்டுவிட்டுச் சீட்டுக்காரருக்கு மட்டும் கட்டினால் அது பாரபட்சம்; ஆறு மாதத்துக்குள் நடந்ததைத் திரும்பக் கேட்கலாம், வாங்கியவர் நெருங்கிய உறவென்றால் இரண்டு ஆண்டு வரை. சீட்டுப் பிடிக்கிற அக்காவின் வீட்டுக்கு அதிகாரியிடமிருந்து கடிதம் போவதுதான் பெரிய அவமானம் என்று சொன்னேன். வழக்கமாக ஒரு ஆண்டில் வங்குரோத்திலிருந்து விடுவிப்பு வரும். அதன்பின் தன் விருப்பத்தில் அந்த அக்காவுக்குக் கொடுப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். அதைக் கேட்டபோதுதான் அவர் முகம் தெளிந்தது. சீட்டு எடுக்காமல் கட்டிவருகிறவர்கள் கவனிக்க: உங்களுக்கு வரவேண்டிய காசு சொத்து, அதையும் எழுதவேண்டும்.

கடைசித் தவணை கட்டிய அன்று, அனுப்பும் பொத்தானை அழுத்த முதல் அவரிடம் கேட்டேன்: "அண்ணை, சம்பளம் எந்த வங்கிக்கு வருது?" கடன் பட்ட அதே வங்கிக்கு. உத்தரவு வந்ததும் அந்தக் கணக்கு முடங்கினால் அந்த மாத வாடகையும் அதில் சிக்கிவிடும். கடன் இல்லாத வேறு வங்கியில் அடிப்படைக் கணக்கு ஒன்று திறந்து, சம்பளம் அங்கே வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் விண்ணப்பத்தை அனுப்பினோம்.