கையில் சாவி, பல்லிடுக்கில் ஸ்பூன்

வலிப்பு வந்தவரை எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறவர்களில் ஒருவராவது சாவிக்கொத்தோடு நிற்பார். சில நேரம் நோயாளியின் உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்த தடமும் இருக்கும். "சாவியைக் குடுத்ததும் நின்னுடுச்சு சார்" என்பார்கள். பொய்யில்லை, நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வலிப்புகள் மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். ஒருவர் பைக் சாவியை உருவி, இன்னொருவர் மடங்கிக் கிடக்கும் விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். பேர் சாவிக்குப் போய்விடுகிறது. மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடு இழந்து ஒரே நேரத்தில் மின்துடிப்பை அனுப்புவதால் வருவதுதான் வலிப்பு. உள்ளங்கை இரும்புக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

சாவியால் நேரம்தான் வீண். ஸ்பூன் அப்படியல்ல. நாக்கை விழுங்கிவிடுவார் என்று பயந்து பல்லிடுக்கில் ஸ்பூன், குச்சி, சில சமயம் சொந்த விரலையே வைக்கிறார்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. ஓரத்தில் கடிபடும், ரத்தம் வரும், ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் அது வேறு கதை. தம்பியின் வாயைத் திறக்கப் போன அண்ணனுக்கு விரலில் தையல் போட்டு அனுப்பியதும் உண்டு. அதேபோல, முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? பக்கத்தில் உள்ள கல், அடுப்பு, நாற்காலியை நகர்த்துங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்க வேண்டாம். வெட்டு தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் நுரையும் வெளியே வடியட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தாலும், கர்ப்பிணிக்கோ சர்க்கரை நோயாளிக்கோ வந்தாலும், தண்ணீருக்குள் வந்தாலும், வாழ்க்கையில் இதுதான் முதல் முறை என்றாலும் நிமிடம் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

இன்னொரு ஆள் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வாட்சப் குழுவில் போட அல்ல, எங்களுக்குக் காட்ட. நோயாளி எங்களிடம் வரும்போது எல்லாம் முடிந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். ஸ்கேன், மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இஇஜி இரண்டுமே சரியாக இருந்தும் வலிப்பு நோய் இருக்கலாம். எனவே பார்த்தவர் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் பாதி முடிவு எடுக்கிறோம். பார்த்தவரோ பதற்றத்தில் "கையும் காலும் இழுத்துச்சு" என்பதோடு நிறுத்திவிடுவார். எனக்குத் தெரிய வேண்டியது எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா, எழுந்த பிறகு எவ்வளவு நேரம் குழம்பிப்போய் இருந்தார் என்பதெல்லாம். காலைப் பிரார்த்தனையில் வெயிலில் நின்று மயங்கி விழும் பிள்ளைக்கும் கை கால் நாலு வெட்டு வெட்டும். அது சாதாரண மயக்கம், அரை நிமிடத்தில் தெளிந்து பேசிவிடும். அதை வலிப்பு என்று எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். அரை நிமிட வீடியோ இருந்தால் அந்தச் சந்தேகம் அங்கேயே தீரும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. முதல் முறை வந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள், மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு வகையும் இருக்கிறது. தலையில் சுடுதண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வலிப்பு வரும். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில் இது அதிகம் பதிவாகியிருக்கிறது, பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் பிள்ளைக்கு ஒரு மாதிரி ஆகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் தண்ணீரின் சூட்டைத்தான் கேட்பேன். இதில் பலருக்கு, வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அப்புறம் மாத்திரை. கட்டுக்குள் இருந்த வலிப்பு திரும்பி வந்தால், அடிக்கடி நான் கேட்கும் பதில் "ரெண்டு நாள் போடலை" என்பது. அதிலும் கல்யாண வீட்டுக் கதை தனி. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று பெண்ணின் மாத்திரை அட்டையைப் பிறந்த வீட்டிலேயே வைத்துவிட்டு அனுப்புவார்கள். தூக்கமில்லாத இரண்டு இரவு, மாத்திரையும் இல்லை. மறுவீடு போவதற்குள் வலிப்பு வந்துவிடும். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு காலத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்தது. 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். இதை நான் சொன்னால் பல பெற்றோர் நம்புவதே இல்லை. பேச்சு நடக்கும்போதே சொல்லிவிடுங்கள். மாத்திரையை ஒரு மாதத்துக்கு வாங்கிப் பெண்ணின் பெட்டியிலேயே வையுங்கள். அவள் சாப்பிடுவது வால்ப்ரோயேட் என்றால், அது கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், நாள் குறிப்பதற்கு முன்பே ஒருமுறை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், மாற்று மருந்துகள் இருக்கின்றன, மாற்றுவதற்குச் சில மாதம் பிடிக்கும்.