ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது தலைக்குள் என்ன நடக்கிறது?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், "பள்ளிக்குச் செல்பேசி கொண்டுவரலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். தாய்மொழியில் ஐந்து நிமிடம் விடாமல் வாதாடுவாள். அதையே ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதச் சொன்னால், மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும். "இவளுக்கு இங்கிலீஷ் வராது" என்று நாமும் முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது தவறு. ஒரே நேரத்தில் அவள் தூக்க வேண்டிய சுமை அதிகம், அவ்வளவுதான்.

ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அதற்குத் தேவையானதைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருப்பது செயல்படு நினைவு. அதன் இடம் மிகச் சிறியது. சுமார் 4 விஷயங்களைத்தான் ஒரே சமயத்தில் தாங்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் மதிப்பிட்டார். தாய்மொழியில் எழுதும்போது எழுத்தும் இலக்கணமும் தானாக ஓடுவதால், அந்த இடம் முழுவதும் கருத்துக்குக் கிடைக்கிறது. கற்றுக்கொண்டிருக்கும் மொழியில் அப்படி இல்லை. 'எ' போடுவதா 'தி' போடுவதா, 'கோ'வா 'கோஸ்'ஆ, இந்தச் சொல்லுக்கு என்ன ஸ்பெல்லிங்... ஒவ்வொரு கேள்வியும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வினைச்சொல் கடைசியில் வரும் மொழியைப் பேசி வளர்ந்த பிள்ளை, வாக்கியத்தையே வேறு வரிசையில் அடுக்கவும் வேண்டும். அடுக்கி முடிப்பதற்குள், அடுத்துச் சொல்ல நினைத்த காரணம் நழுவிவிடுகிறது.

ஆய்வாளர்கள் லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேய்ஸும் எழுதுபவர்களை மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் செய்தார்கள். திட்டமிடல், சொற்களாக்கல், திருத்தல் ஆகிய மூன்றும் வரிசையாக நடப்பதில்லை, ஒன்றுக்குள் ஒன்று குறுக்கிட்டுக்கொண்டே இருக்கின்றன என்று 1981-இல் விளக்கினார்கள். கைதேர்ந்தவர் அப்படித் தாவித் தாவி எழுதலாம். கற்பவரால் முடியாது. ஆகவே அந்த மூன்றையும் பிரித்துக் கொடுப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் குறிப்புச் சட்டகம், அதாவது சொல்லப்போவதைச் சுருக்கமாக வரிசைப்படுத்திய குறிப்பு. எழுதும் முன் அதைப் போட்டுக்கொண்டவர்களின் கட்டுரைகள் தரத்தில் மேலாக இருந்தன என்று ரொனால்ட் கெல்லாக் 1988-இல் காட்டினார். அந்தச் சட்டகத்தைத் தாய்மொழியில் போட்டால்தான் என்ன? என் நிலைப்பாடு இது, இரண்டு காரணங்கள் இவை, எதிர்த்தரப்பு இப்படிச் சொல்லும் என்று நான்கு வரி இருந்தால் போதும். கருத்து தாளுக்கு இறங்கிவிட்டதால், தலைக்குள் ஆங்கிலத்துக்கு இடம் கிடைக்கிறது.

அப்புறம், ஆசிரியர் மாணவர்கள் கண்ணெதிரே எழுத வேண்டும். முடிந்துபோன மாதிரிக் கட்டுரையைக் கொடுத்தால் மனப்பாடம்தான் நடக்கும். "இங்கே 'பிகாஸ்' போட்டேன், ஏனென்றால் காரணம் சொல்லப் போகிறேன், இந்த வரி முந்தைய வரியோடு ஒட்டவில்லை, அடிக்கிறேன்" என்று பேசிக்கொண்டே கரும்பலகையில் ஒரு பத்தி எழுதினால், கட்டுரை உருவாகும் விதமே கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததை வந்த வரிசையில் கொட்டுவது வேறு, வாசகரை நினைத்து அதை மாற்றி அமைப்பது வேறு என்று பெரைட்டரும் ஸ்கார்டமேலியாவும் 1987-இல் பிரித்துக் காட்டினார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாணவர்கள் தாமாகப் போய்விடுவதில்லை. யாராவது செய்து காட்ட வேண்டும்.

சரி, இலக்கணம்? 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான ஆய்வுகளை ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் 2007-இல் தொகுத்தார்கள். திட்டமிடவும் திருத்தவும் உத்திகளைக் கற்றுத்தந்தது மிகுந்த பலன் தந்தது. இரண்டு சிறு வாக்கியங்களை ஒன்றாக இணைக்கும் பயிற்சியும் உதவியது. இலக்கணத்தை மட்டும் தனிப்பாடமாக நடத்தியது எழுத்தின் தரத்தை உயர்த்தவில்லை.

சிவப்பு மையைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. இலக்கணப் பிழை திருத்துவதே பயனற்றது என்று ஆய்வாளர் ஜான் ட்ரஸ்காட் 1996-இல் வாதிட்டார். டேனா ஃபெரிஸ் 1999-இல் மறுத்தார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, கட்டுரை எழுதுவதைப் பற்றியது அல்ல. ஆனாலும் கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் அதில் முன்னேறினார்கள். கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தவுடன் தாளை மூடிவைக்கும் பிள்ளைகளை எல்லா ஆசிரியரும் பார்த்திருப்பார்கள். அதனால் முதல் வரைவில் மதிப்பெண் வேண்டாம். "உன் இரண்டாவது காரணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சேர்" என்று ஒரே ஒரு வரி எழுதி, அந்தப் பத்தியை மட்டும் மறுநாள் வகுப்பிலேயே திரும்ப எழுத வையுங்கள். ஸ்பெல்லிங்கை அதற்கடுத்த வாசிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.