அந்த டெக் உங்கள் டிராக்டருடையதுதானா?

ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் புல்வெளியோடு அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். சிலருக்கு வீட்டோடு சேர்ந்தே கொட்டகையில் ஒரு பழைய கார்டன் டிராக்டரும் கிடைத்துவிடுகிறது. சிலர் பண்ணை ஏலத்தில் மலிவாக வாங்கி வருகிறார்கள். நல்ல விஷயம்தான். அந்தக் காலத்துத் தகடு கனமானது. கோலர் கே வரிசை எஞ்சின் வார்ப்பிரும்பு. சிலிண்டரைக் கடைந்து மறுபடி ஓட்டலாம். வம்பெல்லாம் வயிற்றுக்கு அடியில் தொங்கும் டெக்கில்தான், அதாவது பிளேடுகள் சுழலும் அந்த இரும்புக் கூட்டில்தான் தொடங்கும்.

பாகம் கேட்டு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டிராக்டரின் மாடலைச் சொல்வார்கள். "ஜான் டீர் 110, பிளேடு ஒரு செட் வேண்டும்." நான் திருப்பிக் கேட்பது, "டெக்கில் என்ன எண் இருக்கிறது?" பலருக்கு டெக்குக்குத் தனியாக எண் உண்டு என்பதே தெரியாது.

உண்டு. இந்த டிராக்டர்கள் புல்வெட்ட மட்டும் செய்யப்பட்டவை அல்ல. 1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கெண்டக்கியின் லூயிவில்லில் இருந்து கப் கேடட் டிராக்டரை விற்கத் தொடங்கியது. 1963-இல் ஜான் டீர், விஸ்கான்சினின் ஹோரிகான் ஆலையிலிருந்து 110-ஐக் கொண்டுவந்தது. இண்டியானாவின் சவுத் பெண்டில் வீல் ஹார்ஸ் கம்பெனி அதற்கு முன்பே இருந்தது. டிராக்டர் தனி விலை. டெக், பனி அள்ளும் கருவி, கலப்பை எல்லாம் தனித்தனி விலை. பனிக்காலம் வந்தால் பின்னை உருவி டெக்கைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். ஐம்பது, அறுபது வருடம் இப்படிக் கழற்றி மாட்டியதில், கை மாறியதில், எந்த டெக் எந்த டிராக்டருக்குக் கீழே வந்து சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. யாராவது ஒரு தாங்கியை வெல்டு வைத்து வேறு கம்பெனி டெக்கையே மாட்டியிருப்பார். அதன் மேல் பச்சைப் பெயின்டும் அடித்திருப்பார். நிறத்தை நம்பிப் பாகம் வாங்காதீர்கள்.

முதல் வேலை, டெக்கின் மேல்தகட்டில் எண் பலகையைத் தேடுவது. பின்விளிம்பிலோ தூக்குத் தாங்கிக்குப் பக்கத்திலோ பெரும்பாலும் இருக்கும், கிரீஸும் காய்ந்த புல்லும் அப்பிக் கிடக்கும். கம்பி பிரஷ் போட்டால் எழுத்து போய்விடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியும் பிளாஸ்டிக் சுரண்டியும் போதும். வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்ணைப் பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டாம். அது வார்ப்பு எண். கடையில் கேட்க வேண்டிய பாக எண் வேறாக இருக்கலாம்.

சியர்ஸ் கிராஃப்ட்ஸ்மேன் என்றால் புள்ளிக்கு முன்னால் இருக்கும் மூன்று இலக்கம்தான் முக்கியம். சியர்ஸ் தானாக எதையும் தயாரிக்கவில்லை, உண்மையில் தயாரித்த கம்பெனி எது என்பதை அந்த இலக்கம்தான் சொல்லும். 917 என்றால் ரோப்பர், 502 முர்ரே, 247 எம்டிடி. 143 என்று தொடங்கினால் நீங்கள் பார்ப்பது டெகும்சே எஞ்சினின் எண், டெக்கினுடையது அல்ல.

கம்பெனிகளின் வம்சாவளியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தப்பான வாசலில் நிற்போம். வீல் ஹார்ஸை 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது, 1986-இல் டோரோ வாங்கியது. பழைய வீல் ஹார்ஸ் கையேடுகளை இன்று டோரோவின் தளத்திலேயே எடுக்கலாம். கப் கேடட் 1981-இல் எம்டிடி கைக்குப் போனது. அலிஸ்-சால்மர்ஸ் பெயரில் 1960-களில் வந்த சிறிய டிராக்டர்களைச் செய்தது சிம்ப்ளிசிட்டி. அதனால் அந்த டெக்கின் பாகம் பல நேரம் சிம்ப்ளிசிட்டி பட்டியலில்தான் கிடைக்கும்.

பலகையே இல்லையா? சரி, டேப்பை எடுங்கள். கூட்டின் வெளி அகலத்தை வைத்து டெக்கின் அளவைச் சொல்லாதீர்கள். வெட்டும் அகலம் அதைவிடக் குறைவு. எத்தனை ஸ்பிண்டில் (பிளேடைத் தாங்கிச் சுழற்றும் தண்டும் அதன் கூடும்), புல் வெளியேறுவது பக்கவாட்டிலா பின்பக்கமா, முன்னால் எந்த மாதிரிக் கொக்கி, எஞ்சினிலிருந்து வரும் பெல்ட்டை வளைத்து டெக்குக்குத் திருப்பும் மியூல் டிரைவ் எந்த வடிவம் என்று குறித்துக்கொண்டு, நான்கு பக்கமும் படம் எடுங்கள். கப் கேடட்டில் 1971 வாக்கில் டிராக்டரின் அடிச்சட்டம் அகலமானது. குறுகிய சட்டமுள்ள டிராக்டரின் டெக்கை அகலச் சட்டத்தில் மாட்டப் போனால் தாங்கிகளே பொருந்தாது.

ஸ்பிண்டிலில் ஒரு நிம்மதி: உள்ளே இருக்கும் பேரிங் பல நேரம் உலகப் பொது அளவுதான். கழற்றித் துடைத்தால் அதன் மேலேயே எண் இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40. 6204 என்றால் 20-ம் 47-ம். 6205 என்றால் 25-ம் 52-ம். டிராக்டர் கம்பெனியின் உறையில் வாங்காமல் பேரிங் கடையிலேயே வாங்கலாம், விலையும் குறையும்.

ஆனால் இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்க டெக்குகளில் தண்டு அங்குலக் கணக்கில் கடையப்பட்டிருக்கலாம். வெளியளவு 6204 போலவே 47 மி.மீ.; உள்ளளவு மட்டும் முக்கால் இன்ச், அதாவது 19.05 மி.மீ. அதில் சாதாரண 6204-ஐப் போட்டால் ஸ்பிண்டில் கூட்டுக்குள் அழகாக உட்காரும், தண்டில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் ஆடும். 6203-க்கும் அஞ்சு பை எட்டு இன்ச் துளையோடு ஒரு தம்பி உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மாட்டிய கொஞ்ச நாளில் அதிர்வு வரும், தண்டு தேயும், அப்புறம் கூடு விரியும். எண்ணை மட்டும் நம்பாமல் தண்டை வெர்னியர் காலிப்பரில் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இன்னொன்று. ஸ்பிண்டில் கூட்டில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். நீங்கள் வாங்கிய பேரிங் 2ஆர்எஸ், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. வெளியிலிருந்து எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் குண்டுகளுக்குப் போகாது. கூட்டின் உள்பக்கம் பார்க்கும் மூடியை மட்டும் கவனமாக நெம்பி எடுத்துவிட்டு மாட்டுவது எங்கள் வழக்கம்.

பிளேடு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நீளத்தை ஒரு முனையின் மூலையிலிருந்து எதிர் முனையின் எதிர் மூலைக்குக் குறுக்காக அளக்க வேண்டும். பழைய பிளேடின் முனை தேய்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நடுத்துளை வட்டமா, ஐந்து முனை நட்சத்திரமா, ஆறு முனையா என்று பாருங்கள். துளை பெரிதென்று வாஷரைத் திணித்து மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்த பிளேடு மையம் தவறிச் சுற்றும். அரை இன்ச் நீளம் கூடினாலும் கூட்டிலோ பக்கத்து பிளேடிலோ இடிக்கலாம்.

கப்பியையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பிளேடு முனையின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்பது ஏஎன்எஸ்ஐ பி71.1 என்ற அமெரிக்கத் தரநிலை. 18 இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 3,400 சுற்று சுற்றினால் முனை வேகம் சுமார் 16,000 அடி. ஸ்பிண்டிலில் இருந்த 5 இன்ச் கப்பி உடைந்தது, கையில் கிடைத்த 4 இன்ச் கப்பியைப் போட்டோம் என்று வையுங்கள். சுற்று 4,250 ஆகும், முனை வேகம் 20,000 அடி. டெக் முன்னைவிட நன்றாக வெட்டுவது போலத் தெரியும். ஒரு கல் சிக்கினால் அது என்ன வேகத்தில் வெளியே வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெல்ட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலகலம் அரை இன்ச் என்றால் ஏ அல்லது 4எல் ரகம், அஞ்சு பை எட்டு என்றால் பி அல்லது 5எல் ரகம். ஏ50 என்பதில் 50 இன்ச் உள்நீளம். 4எல்520 என்பதில் 52 இன்ச் வெளிநீளம். இரண்டும் நீளத்தில் ஒன்றுதான். ஆனால் 4எல் இலகுவான வேலைக்கான பெல்ட், டெக்கின் சுமைக்கு நிற்காது. பெல்ட்டே கிளட்ச்சாக வேலை செய்யும் இடத்தில் துணி சுற்றிய, அராமிட் என்ற உறுதியான செயற்கை நூல் வைத்த பெல்ட் கேட்டு வாங்குங்கள்.

பட்டியல் போடும்போது எல்லோரும் விட்டுவிடுவது புல் வெளியேறும் வாயின் மூடி. ஏலத்தில் வரும் டெக்குகளில் பாதிக்கு மேல் அது இருக்காது, கேட்டில் நுழையவில்லை என்று யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். அசல் மூடி கிடைக்காவிட்டால், தடித்த ரப்பர் தகட்டை அளவெடுத்து வெட்டி, இரும்புப் பட்டையோடு போல்ட் போட்டு மாட்டலாம். எங்கள் பட்டறையில் அதைச் செய்யாமல் டெக்கை வெளியே விடுவதில்லை. இந்த வயது டிராக்டர்களில் பலவற்றில் ஆள் இறங்கினால் எஞ்சினை நிறுத்தும் சீட் சுவிட்சும் கிடையாது. எஞ்சினுக்கு ஏற்ற சுவிட்சை வயரிங் தெரிந்தவரிடம் போடச் சொல்லுங்கள். அதுவரை, டெக்குக்கு அடியில் கை போகுமுன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி பிளக்கை விட்டு விலக்கிக் கட்டிவிடுங்கள்.