காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

மாரி மழையோடு திருகோணமலையில் நுளம்பும் பெருகும். 2017இல் டெங்கு கிண்ணியாவைப் படுத்திய பாடு இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனாலும் காய்ச்சல் இறங்கியதுமே, "மிஸ்ஸி, எப்ப துண்டு வெட்டுவீங்க?" என்று கேட்டு வீட்டுக்குப் போக அவசரப்படுவது இன்னும் மாறவில்லை. டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் தொடங்குவதே அப்போதுதான்.

அந்தக் கட்டத்தில் குருதிக் குழாய்கள் கசிந்து, குருதியின் திரவப்பகுதி நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் வடிகிறது. 24 முதல் 48 மணித்தியாலம் வரை இது நீடிக்கும். எல்லோருக்கும் கசிவதில்லை. யாருக்குக் கசிகிறது என்பதை முதலில் பிடிக்கக்கூடியவர் கட்டிலருகே நிற்கும் தாதிதான்.

50 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குக் குருதியமுக்கம் 110/70, நாடி 84. 10 மணிக்கு 108/76, நாடி 96. 12 மணிக்கு 106/84, நாடி 112. மேல் அளவை மட்டும் பார்த்தால் எல்லாம் நல்லபடி. இரண்டு அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: 40, 32, 22. குழாய்க்குள் திரவம் குறையும்போது உடல் கைகால்களின் குழாய்களை இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் குருதியை ஒதுக்குகிறது. அதனால் கீழ் அளவு ஏறுகிறது, நாடி விரைகிறது, விரல்கள் குளிர்கின்றன. இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது அதிர்ச்சி நிலை (ஷொக்), உறுப்புகளுக்குக் குருதி போதாத நிலை. நோயாளி எழுந்திருந்து கதைத்துக்கொண்டே இருப்பார், அதுதான் ஏமாற்றும். மேல் அளவு விழும்வரை காத்திருப்பது பிந்திய வேலை.

இயந்திரம் காட்டுவதை அப்படியே எழுதிவிடவும் கூடாது. கைப்பட்டி சிறிதாக இருந்தால் அமுக்கம் கூடுதலாகக் காட்டும். நாடி மெலிந்தால் தானியங்கிக் கருவி தடுமாறும். சந்தேகம் வந்தால் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கையால் பார்ப்பதே மேல். விரல்நுனியை 5 செக்கன் அழுத்தி விட்டால் நிறம் 2 செக்கனுக்குள் திரும்ப வேண்டும். மின்விசிறிக்கு நேரே குளிர்ந்த கையில் இது பொய் சொல்லும்.

சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிலீற்றராவது போக வேண்டும், அதாவது இவருக்கு 25. அளக்காமல் கழிவறையில் போய்விட்டு வந்தால் கணக்கே பிழைக்கும். அளவுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்துச் சொல்லிவைக்க வேண்டும். 50ஐத் தாண்டினால் திரவம் கூடிவிட்டதோ என்று யோசிக்க வேண்டும். 48 மணித்தியாலக் கசிவுக் கட்டத்துக்கு இவருக்கான மொத்த ஒதுக்கீடு சுமார் 4600 மில்லிலீற்றர். சேலைனோடு இளநீர், ஜீவனி (உப்பு-சர்க்கரைக் கரைசல்), கஞ்சி எல்லாம் அதற்குள் அடக்கம். உறவினர் அன்பாய்ப் பருக்குவதும் தாளில் ஏற வேண்டும். பீட்ரூட் சாறும் கோப்பியும் வேண்டாம், வாந்தியில் இரத்தமா என்று பிரித்தறிய முடியாது.

பிசிவி, அதாவது குருதியில் சிவப்பணுக்களின் வீதம், ஏறினால் கசிவு. இறங்கினால் தேறுகிறார் என்று நிம்மதி அடைவது இயல்பு. ஆனால் பிசிவி இறங்கும்போதே நாடி விரைந்து, கை குளிர்ந்து, வயிறும் நொந்தால் அது உள்ளே இரத்தம் போவதாக இருக்கலாம். குருதிச் சிறுதட்டு (பிளேட்லட்) எண்ணிக்கையைத்தான் உறவினர் எல்லோரும் விசாரிப்பார்கள். அந்த நேரத்தில் அதைவிட இந்தச் சேர்க்கையே அவசரம்.

வைத்தியரை அழைக்கும்போது "நோயாளிக்குச் சரியில்லை" என்றால் போதாது. "இடைவெளி நாலு மணித்தியாலத்தில் 40இலிருந்து 22, நாடி 112, கை குளிர், 9 மணிக்குப் பிறகு சிறுநீர் இல்லை, இதுவரை உள்ளே போனது இவ்வளவு" என்று சொன்னால் அவர் உடனே வருவார்.